கணக்கெழுதும் கம்ப்யூட்டர் அசலா, மெய்நிகரா?



கடையில் திரையும் விசைப்பலகையும் மட்டும் இருக்க, பில்லும் இருப்புக் கணக்கும் ஏறும் சர்வரை வெளியிடத்தில் வாடகைக்கு எடுப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. "உங்களுக்கென்றே தனி சர்வர்" என்று விற்பவர் சொல்கிறார். அரிசி மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்த்து வாங்கும் நாம், இதை மட்டும் பார்க்காமல் வாங்குவானேன்?

ஒரு பெரிய கிடங்கைப் பலகையால் தடுத்துப் பத்துப் பேருக்கு வாடகைக்கு விட்டால், ஒவ்வொருவருக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு. ஆனால் கூரை ஒன்றுதான். இப்படி ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் தடுத்து உண்டாக்கும் கம்ப்யூட்டருக்கு மெய்நிகர் கம்ப்யூட்டர் (வெர்ச்சுவல் மெஷின்) என்று பெயர். ஐ.பி.எம். நிறுவனம் தன் பெரிய இயந்திரங்களுக்கு 1972-லேயே இம்முறையை விற்பனைக்கு அறிவித்தது. சாதாரணக் கம்ப்யூட்டர்களுக்கு 1999-இல் விஎம்வேர் கொண்டுவந்தது.

கண்டுபிடிப்பது எளிது. விண்டோஸ் சாவியையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் கட்டத்தில் 'எம்எஸ்இன்ஃபோ32' என்று ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றி அடித்து என்டர் தட்டுங்கள். 'சிஸ்டம் மேனுஃபேக்சரர்', 'சிஸ்டம் மாடல்' என்ற இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். டெல், எச்.பி., லெனோவா என்றிருந்தால் பெரும்பாலும் அசல் பெட்டி. விஎம்வேர், விர்ச்சுவல்பாக்ஸ், க்யூஇஎம்யூ என்றிருந்தால் மெய்நிகர். 'இன்னோடெக்' என்ற பெயரைக் கண்டு திகைக்க வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸை முதலில் செய்த ஜெர்மன் நிறுவனம் அது. 2008-இல் சன் நிறுவனம் அதை வாங்கிய பிறகும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தயாரிப்பாளர் 'மைக்ரோசாஃப்ட்' என்றிருந்தால் மாடலைப் பாருங்கள்: 'வெர்ச்சுவல் மெஷின்' என்றால் மெய்நிகர், 'சர்ஃபேஸ்' என்றால் அந்நிறுவனத்தின் அசல் கம்ப்யூட்டர். உதிரி பாகம் வாங்கிச் சேர்த்த பெட்டிகளில், 'தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது' என்ற பொருளில் ஆங்கில வாசகம் நிரப்பப்படாமலே நிற்பதுண்டு. அது மெய்நிகருக்கு அடையாளமல்ல.

டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் சி.பி.யூ. பகுதியிலும் பார்க்கலாம். 'வெர்ச்சுவல் மெஷின்: யெஸ்' என்றிருந்தால் ஐயமில்லை. 'வெர்ச்சுவலைசேஷன்: எனேபிள்ட்' என்பது வேறு, மெய்நிகர் கம்ப்யூட்டர்களை உள்ளே நடத்தும் திறன் இயக்கத்தில் இருக்கிறது என்பதே அதன் பொருள். பலர் ஏமாறுவது இங்கேதான்.

நெட்வொர்க் அட்டையின் எண்ணும் ஒரு தடயம். 08-00-27 என்று தொடங்கினால் விர்ச்சுவல்பாக்ஸ், 00-50-56 என்றால் விஎம்வேர், 52-54-00 என்றால் பெரும்பாலும் க்யூஇஎம்யூ. ஆனால் விஎம்வேர் நிறுவிய அசல் பெட்டியிலும் அதன் எண் தென்படும். ஆகவே இதைத் துணைச் சாட்சியாக மட்டும் கொள்ளுங்கள். நடத்துபவர் நினைத்தால் இந்த எண்ணையும் மாடல் பெயரையும் மாற்றிவிட முடியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மெய்நிகர் என்றாலே மட்டம் என்பதல்ல. நல்ல நிறுவனங்களும் அதைத்தான் தருகின்றன, வாடகையும் குறைவு. தனிப் பெட்டிக்கு உரிய வாடகையைக் கொடுத்துவிட்டு ஒரு தடுப்பை மட்டும் பெறுவதுதான் நஷ்டம். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. சி டிரைவில் கணக்கு, டி டிரைவில் அதன் நகல் என்று நிம்மதியாக இருப்போம். மெய்நிகர் கம்ப்யூட்டரில் இந்த இரண்டும் ஒரே வட்டில் கிடக்கும் இரண்டு கோப்புகளாக இருக்கலாம். அந்த வட்டு போனால் வரவேண்டிய பாக்கிப் பட்டியல் உட்பட இரண்டும் போயிற்று. இன்னொன்று 'ஸ்னாப்ஷாட்'. கோளாறு வந்ததும் கம்ப்யூட்டரைத் திங்கட்கிழமை இருந்த நிலைக்கே திருப்பிவிடுவார்கள். வேறு நகல் இல்லையென்றால் வியாழன் வரை போட்ட பில்கள் கணக்கில் இருக்காது. சரக்கு மட்டும் கடையை விட்டுப் போயிருக்கும்.

ஆகவே மாடல் வரி மெய்நிகர் என்று காட்டினால் விற்பவரிடம் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: நகல் வேறு பெட்டியில் இருக்கிறதா, எத்தனை மணிக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது, பழைய நிலைக்குத் திருப்புமுன் நம்மைக் கேட்பார்களா. பதில் எதுவானாலும், இரவு கடை சாத்துமுன் அன்றைய கணக்கை ஒரு பென் டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.