லாரி வராத நாளில் வரும் சண்டை

தை பிறந்து சம்பா அறுவடை சூடுபிடித்துவிட்டால், காட்டுமன்னார்கோயில் பக்கம் வீராணம் தண்ணீரில் விளைந்த நெல் நேரடி கொள்முதல் நிலையங்களில் குவியத் தொடங்கும். பட்டியல் எழுத்தர், உதவியாளர், காவலர், சுமைதூக்கும் தொழிலாளர்கள் என்று அங்கே இருப்பது சின்னக் குழுதான். வேலை செய்யும் இடத்தில் சண்டை எப்படி முளைக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், ஐ.டி. கம்பெனிக்குப் போவதைவிட இங்கே ஒரு நாள் நின்றால் போதும்.

ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால், அரசு தளர்வு தராதவரை நெல்லை எடுக்க முடியாது. மூட்டை 40 கிலோ. சுமைதூக்குபவருக்கு மூட்டைக் கணக்கில் கூலி, பிடித்தால்தான் காசு. பிடித்த மூட்டை கிடங்குக்குப் போய்ச் சேரும்வரை எழுத்தருக்கு நிம்மதி இல்லை. லாரி வரத் தாமதமானால் நெல் காய்ந்து எடை குறையும், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆக, ஒருவர் அவசரப்படுவதிலும் நியாயம் உண்டு, மற்றவர் தயங்குவதிலும் நியாயம் உண்டு. வராத லாரியோடு யாரும் சண்டை போட முடியாதே! பக்கத்தில் நிற்பவரோடு போடுகிறார்கள்.

“என்னண்ணே, நேத்து எடுத்த நெல்லு மாதிரிதானே இதுவும்?” என்று சுமைதூக்குபவர் ஆரம்பிப்பார். எழுத்தர் வாய் திறக்காமல் ஈரப்பத மீட்டரை மட்டும் நீட்டுவார். மறுநாள் டீ தனித்தனியாக. அதற்கடுத்து, “அந்தாளு எப்பவுமே அப்படித்தான்.” இந்த வாக்கியம் காதில் விழுந்துவிட்டால் கவனியுங்கள்: பேச்சு நெல்லை விட்டு ஆளுக்குப் போய்விட்டது. ஊர், சாதி, கட்சி எல்லாம் பின்னாலேயே வரும்.

வேலை பற்றிய கருத்து வேறுபாடு வேறு, ஆள் மீதான வெறுப்பு வேறு என்று அமெரிக்க ஆய்வாளர் கேரன் ஜென் 1995-ல் பிரித்துக் காட்டினார். புதிதாக யோசிக்க வேண்டிய வேலையில் முதல் வகை சில நேரம் பயன்படும். தினமும் ஒரே மாதிரி செய்யும் வேலையில் அதுவும் கெடுதல்தான் என்பது அவர் கண்டது. கொள்முதல் நிலையத்தில் நடப்பது தினமும் ஒரே மாதிரி வேலை. “நல்லா விவாதிக்கட்டும்” என்று மேலதிகாரி விட்டுவிடுவது இங்கே எடுபடாது.

பொறுப்பில் இருப்பவர் சமாதானக் கூட்டம் போடுவதற்கு முன்னால் கணக்கைத் திறக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அதே குவியலில் வேறு இடத்து நெல்லை எடுத்து, எல்லோர் முன்னாலும் மறுபடி மீட்டரில் வைத்து, எண்ணைச் சத்தமாகப் படிக்கலாம். யார் முடிவு செய்வது என்பதைச் சீசன் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். தகராறு நடக்கும்போது சொன்னால் பக்கம் சாய்ந்ததாகத்தான் தெரியும். லாரி வராத நாளில் இருப்பில் எத்தனை மூட்டை, எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று எழுதி, அன்றே மேலிடத்துக்கு அனுப்பி, நகலை எழுத்தர் கையில் கொடுத்துவிடுங்கள். எடைக் குறைவு பற்றிக் கேள்வி வரும்போது காட்ட அவரிடம் அந்தத் தாளாவது இருக்கும்.