நாய் நொண்டினால் விரலிடுக்கைப் பாருங்கள்

சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டப் பழகிய நாய் இனங்கள். இன்று வேட்டை சட்டப்படி குற்றம். ஆனால் ஓடுகிற கால் சும்மா இருக்குமா? கரிசல் காட்டில் சீமைக்கருவேல முள்ளுக்கும் பஞ்சமில்லை.

மேலாகத் தெரியும் முள்ளை இடுக்கியால் எடுங்கள். கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கழுவுங்கள். ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். எடுத்தெடுத்துப் பார்த்தால் நிற்காது. காபித்தூள் அப்பும் வழக்கம் வேண்டவே வேண்டாம். காயத்துக்குக் கட்டுப் போட்டால் அதைத் தினமும் மாற்றுங்கள், விரல் வீங்கினால் உடனே தளர்த்துங்கள். நம் வலி மாத்திரைகளான பாராசிட்டமால், இபுப்ரோஃபென் நாய்க்கு ஆபத்து. ஆழமாக ஏறிய முள்ளும் பிளந்த பாதமும் கால்நடை மருத்துவர் வேலை.

தார்ச்சாலையில் புறங்கையை 7 விநாடி வைக்க முடியவில்லையா? அந்தச் சூடு நாயின் பாதத்தையும் சுடும்; வெயில் தாழ்ந்ததும் நடக்கக் கூட்டிப் போங்கள்.