செல் பிரிதலும் டவுன் சிண்ட்ரோமும்: பெற்றோர் அறிய வேண்டியவை

குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருப்பதாகப் பரிசோதனை அறிக்கை வந்தவுடன் பெற்றோர் கேட்கும் முதல் வினா பெரும்பாலும் சிகிச்சையைப் பற்றியதாக இருப்பதில்லை. "நாங்கள் என்ன தவறு செய்தோம்?" என்பதே அவ்வினா. சில குடும்பங்களில் அது வினாவாகக்கூட எழுவதில்லை, தீர்ப்பாகவே வந்துவிடுகிறது. கிரகணத்தன்று வாசலில் நின்றது, பப்பாளி உண்டது, ஏழாம் மாதம் வரை வேலைக்குச் சென்றது என ஒவ்வொன்றாகத் தாயின் மீது சுமத்தப்படுகின்றன.

இவற்றுள் எதுவும் டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணமன்று. உண்மைக் காரணம் செல் பிரியும் முறையில் இருக்கிறது. அதனை ஓரளவு அறிந்துகொண்டால் மேற்கண்ட வினாவுக்கு விடை கிடைக்கும். "அடுத்த குழந்தைக்கும் இவ்வாறு வருமா?" என்ற வினாவுக்கும் அங்கிருந்தே விடை காணலாம்.

செல்லுக்குள் இருக்கும் நூல்

நம் உடல் ஏறத்தாழ 30 லட்சம் கோடி செல்களால் ஆனது. இவை அனைத்தும் ஒரே ஒரு செல்லிலிருந்து, அதாவது கருவுற்ற முட்டையிலிருந்து, பிரிந்து பிரிந்து தோன்றியவை. உடலை உருவாக்குவதற்கும் இயக்குவதற்கும் வேண்டிய குறிப்புகள் டி.என்.ஏ. என்னும் மிக மெல்லிய இழையில் எழுதப்பட்டுள்ளன. ஒரு செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. முழுவதையும் நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் வரும்.

இவ்வளவு நீளமான இழையை அவிழ்ந்த நிலையில் இரண்டாகப் பங்கிட இயலாது, சிக்கிக்கொள்ளும். நூலைக் கண்டில் சுற்றி வைப்பதைப் போல, பிரியும் வேளையில் செல் தன் டி.என்.ஏ.வை இறுகச் சுற்றிக்கொள்கிறது. அவ்வாறு சுற்றப்பட்ட துண்டுகளே குரோமோசோம்கள். மனித செல்லில் 46 குரோமோசோம்கள் உள்ளன. இவை 23 ஜோடிகளாக அமைந்துள்ளன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்தது. 1 முதல் 22 வரையிலான ஜோடிகளுக்கு எண்கள் இடப்பட்டுள்ளன. 23ஆம் ஜோடி ஆண், பெண் என்பதைத் தீர்மானிக்கிறது. 21ஆம் குரோமோசோம் இவற்றுள் மிகச் சிறியது.

நகல் எடுக்கும் பிரிவு

உடல் வளர்வதற்கும், தேய்ந்த செல்களுக்குப் பதிலாகப் புதியவை தோன்றுவதற்கும் நிகழும் பிரிவை மைட்டாசிஸ் என்கிறோம். காயம் ஆறுவதும், எலும்பு மஜ்ஜை ஒரு நொடிக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்களை உருவாக்குவதும் இதன் பயனே.

இப்பிரிவில் செல் முதலில் 46 குரோமோசோம்களுக்கும் ஒவ்வொரு நகல் எடுக்கிறது. மூலமும் நகலும் சிறிது நேரம் ஒட்டியே இருக்கின்றன. பின்னர் அவை செல்லின் நடுவே வரிசையாக நிற்கின்றன. செல்லின் இரு முனைகளிலிருந்தும் மெல்லிய இழைகள் வந்து பற்றி, ஒன்றை ஒரு புறமும் மற்றதை எதிர்ப்புறமும் இழுக்கின்றன. முடிவில் இரு செல்கள் உண்டாகின்றன. இரண்டிலும் 46 குரோமோசோம்கள் இருக்கும். தாய்ச் செல்லில் எது இருந்ததோ அதுவே மாறாமல் சேய்ச் செல்லுக்கும் செல்கிறது. இதனை நினைவில் கொள்ளுங்கள். பின்னர் இது தேவைப்படும்.

பாதியாகக் குறைக்கும் பிரிவு

கருமுட்டையும் விந்தணுவும் வேறு முறையில் உருவாகின்றன. இவ்விரண்டிலும் 46 குரோமோசோம்கள் இருந்தால் குழந்தைக்கு 92 வந்துவிடும். ஆகவே எண்ணிக்கையைப் பாதியாக்கும் மியாசிஸ் என்ற பிரிவு இங்கு நிகழ்கிறது. இதில் அடுத்தடுத்து இரு கட்டங்கள் உள்ளன. முதற்கட்டத்தில் ஜோடிகள் பிரிகின்றன. இரண்டாம் கட்டத்தில் மூலமும் நகலும் பிரிகின்றன. இறுதியில் ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்று வீதம் 23 குரோமோசோம்கள் எஞ்சுகின்றன. முட்டையின் 23, விந்தணுவின் 23 இரண்டும் சேர்ந்து குழந்தைக்கு 46 ஆகின்றன.

சில வேளைகளில் ஒரு ஜோடி பிரியாமல் இரண்டும் ஒரே பக்கம் சென்றுவிடுகின்றன. 21ஆம் ஜோடிக்கு இவ்வாறு நேர்ந்தால், அம்முட்டையில் 21ஆம் குரோமோசோம் இரண்டு இருக்கும். விந்தணுவிலிருந்து மேலும் ஒன்று வந்து சேர, கருவில் அது மூன்றாகிறது. இதன் பின்னர் மைட்டாசிஸ் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. மூன்றையும் பிழையின்றி நகலெடுத்து ஒவ்வொரு செல்லுக்கும் அளிக்கிறது. இதயம், மூளை, தைராய்டு, தசை என எல்லா உறுப்புகளிலும் டவுன் சிண்ட்ரோமின் தாக்கம் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகும். அந்தக் கூடுதல் குரோமோசோம் கருவுற்ற கணத்திலேயே உள்ளே வந்துவிட்டது. மாதவிடாய் தள்ளிப்போய், தான் கருவுற்றிருப்பதைத் தாய் அறிவதற்கு முன்பே அது உறுதியாகிவிட்டது. அதன்பின் அவர் உண்ட உணவோ, செய்த வேலையோ, கொண்ட கவலையோ ஒரு குரோமோசோமைக் கூட்டவும் இயலாது, குறைக்கவும் இயலாது.

தாயின் வயது குறித்து

ஏறத்தாழ பத்தில் ஒன்பது குழந்தைகளில் கூடுதல் குரோமோசோம் முட்டையின் வழியாக வருகிறது. எஞ்சியவற்றில் பெரும்பாலும் விந்தணுவின் வழியாக வருகிறது. முட்டையின் வழியாக வருவதைத் தாயின் குறை என்று எவரும் கொள்ளக்கூடாது. முட்டைக்கு வாய்த்த கால அட்டவணையே இதற்குக் காரணம்.

ஆண்களிடம் விந்தணுக்கள் பருவமடைந்தது முதல் தொடர்ந்து புதிதாக உருவாகின்றன. பெண்ணின் முட்டைகளோ, அவர் தம் தாயின் வயிற்றில் சிசுவாக இருக்கும்போதே தோன்றி, மியாசிஸின் முதற்கட்டத்தைத் தொடங்கிப் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. பருவமடைந்தபின் மாதந்தோறும் ஒரு முட்டை அந்நிலையிலிருந்து விழித்துப் பிரிவைத் தொடர்கிறது. 35 வயதுப் பெண்ணின் முட்டை, 35 ஆண்டுகளுக்கும் மேலாக ஜோடிகளைப் பிடித்தபடி காத்திருந்த செல். அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதங்கள் நாளடைவில் தளர்கின்றன. ஆகவே பிரியும்போது தவறு நேரும் வாய்ப்பு கூடுகிறது.

டவுன் சிண்ட்ரோமுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு, தாயின் 25ஆம் வயதில் சுமார் 1,250க்கு ஒன்று. 35ஆம் வயதில் சுமார் 350க்கு ஒன்று. 40ஆம் வயதில் சுமார் 100க்கு ஒன்று. இளம் தாய்மார்க்கு வராது என்று இதற்குப் பொருளில்லை. இளவயதில் பிள்ளை பெறுவோரே மிகுதி என்பதால், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பலரும் 35 வயதுக்குட்பட்ட தாய்மார்க்கே பிறக்கின்றனர்.

சொந்தத்தில் திருமணம் செய்துகொண்டதால் வந்ததா என்றும் பலர் கேட்கின்றனர். இரு பெற்றோரிடமும் ஒரே மரபணுக் குறை மறைந்திருந்து குழந்தைக்கு வெளிப்படும் நோய்கள் சொந்தத் திருமணத்தில் அதிகம் என்பது உண்மை. டவுன் சிண்ட்ரோம் அவ்வகையைச் சார்ந்ததன்று.

குரோமோசோம் பரிசோதனை

குழந்தையின் தோற்றத்தைக் கண்டே மருத்துவர் டவுன் சிண்ட்ரோமை ஐயுறக்கூடும். ஆயினும் இரத்தத்தில் குரோமோசோம் பரிசோதனை செய்வது இன்றியமையாதது. காரியோடைப் எனப்படும் இப்பரிசோதனைக்குச் சில மில்லி இரத்தம் போதும். முடிவு வர நாளாகிறதே என்று பெற்றோர் கவலையுறுவர். குரோமோசோம்கள் பிரியும் செல்லில் மட்டுமே தெளிவாகத் தெரியும் என்பதால், வெள்ளணுக்களை ஆய்வகத்தில் ஏறத்தாழ மூன்று நாட்கள் வளர்க்க வேண்டும். பின்னர் அவை நடுவில் வரிசையாக நிற்கும் கணத்தில் பிரிவை நிறுத்த வேண்டும். அதற்குக் கோல்சிசின் என்னும் பொருளோ, அதனை ஒத்த மருந்தோ பயன்படுகிறது. நம் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருப்பது இதே கோல்சிசின்தான். குரோமோசோம்களை இழுக்கும் இழைகளை அது உருவாகவிடாது. ஆகவே அவை நின்ற இடத்திலேயே நிற்கும். அதன்பின் சாயமேற்றி, படமெடுத்து, வரிசைப்படுத்தி எண்ணுவர்.

எண்ணுவது எளிதன்று. மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 46 என்பதை 1956ஆம் ஆண்டில்தான் சுவீடனில் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவனும் நிலைநாட்டினர். ஜான் லாங்டன் டவுன் 1866இல் விவரித்த நிலைக்கு 21ஆம் குரோமோசோமின் மூன்றாம் பிரதியே காரணம் என்பதை மார்த் கோத்தியே, ஜெரோம் லெஜூன், ரேமோன் துர்ப்பன் ஆகிய பிரெஞ்சு மருத்துவர்கள் 1959இல் வெளியிட்டனர். அதுவரை, ஏறத்தாழ நூறாண்டுகள், காரணம் தெரியாத இடத்தைப் பழிச்சொற்களே நிரப்பின.

அறிக்கையில் மூன்று வகைகள்

1. தனித்த மூன்றாம் பிரதி. ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு இதுவே. அறிக்கையில் 47 என்ற எண்ணும் "+21" என்ற குறியும் இருக்கும். பெற்றோரின் குரோமோசோம்கள் இயல்பானவை என்பதால் அவர்களுக்குப் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 1 விழுக்காடு. தாயின் வயதுக்குரிய வாய்ப்பு அதனினும் கூடுதலாக இருந்தால் அதையே கணக்கில் கொள்வர்.

2. இடமாறி ஒட்டிய பிரதி. 3 முதல் 4 விழுக்காட்டினரிடம், கூடுதல் 21ஆம் குரோமோசோம் வேறொரு குரோமோசோமுடன் ஒட்டிக்கொண்டிருக்கும். எண்ணிக்கை 46 என்றே இருப்பதால் அறிக்கை இயல்பானது என்று தவறாக எண்ணிவிடக் கூடாது. இவ்வகையில் தாய், தந்தை இருவருக்கும் பரிசோதனை அவசியம். இருவரும் இயல்பு எனில் மீண்டும் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஒருவர் இந்த ஒட்டுக் குரோமோசோமைச் சுமப்பவராக இருக்கலாம். அவருக்கு நோய் எதுவும் இராது. சுமப்பவர் தாயாயின் அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு 10 முதல் 15 விழுக்காடு. தந்தையாயின் அதனினும் மிகக் குறைவு. 21ஆம் குரோமோசோம்கள் இரண்டும் தம்முள் ஒட்டியிருக்கும் அரிய நிலையில் மட்டும், பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் டவுன் சிண்ட்ரோம் இருக்கும். சுமப்பவரின் உடன்பிறந்தோரும் பரிசோதித்துக்கொள்வது நலம்.

3. கலப்பு வகை. 1 முதல் 2 விழுக்காட்டினரிடம் சில செல்களில் 46, சில செல்களில் 47 குரோமோசோம்கள் இருக்கும். கருவுற்றபின் நிகழ்ந்த தொடக்கப் பிரிவு ஒன்றில் பிழை நேர்ந்ததே காரணம். இதுவும் கருவுற்றதைத் தாய் அறிவதற்கு முன் நிகழ்வதே.

அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த கருத்தரிப்புக்கு முன் மரபியல் ஆலோசனைக்கு வரும்போது அதனைக் கொண்டுவாருங்கள். கருவுற்ற 11 முதல் 14 வாரங்களுக்குள் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும், 10 வாரங்களுக்குப் பின் தாயின் இரத்தத்திலுள்ள டி.என்.ஏ. துணுக்குகளைக் கொண்டு செய்யும் பரிசோதனையும் உள்ளன. இவை வாய்ப்பு மிகுதியா, குறைவா என்று மட்டுமே கூறும். உறுதிப்படுத்த நஞ்சுக்கொடித் திசுவையோ பனிக்குட நீரையோ எடுத்துப் பார்க்க வேண்டும். செய்துகொள்வதும் தவிர்ப்பதும் தம்பதியர் தாமே எடுக்க வேண்டிய முடிவு. அதற்கான தகவலைத் தருவதே எங்கள் பணி.

இப்பொழுது செய்ய வேண்டியவை

கூடுதல் குரோமோசோமை நீக்கும் மருந்து கிடையாது. அவ்வாறு விளம்பரம் செய்வோரிடம் பணத்தை இழக்காதீர்கள். அதனால் வரும் உடற்குறைகளுக்கு நல்ல சிகிச்சை உண்டு.

• இக்குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறை இருக்கும். இதய ஒலி இயல்பாகக் கேட்டாலும் பிறந்த சில வாரங்களுக்குள் எக்கோ பரிசோதனை செய்துவிட வேண்டும். காலந்தாழ்ந்தால் சில குறைகளை அறுவை சிகிச்சையால் சரிசெய்ய இயலாமற்போகும்.

• தைராய்டு பரிசோதனை பிறந்தவுடன், 6ஆம் மாதம், 12ஆம் மாதம், பின்னர் ஆண்டுதோறும் வேண்டும்.

• செவித்திறனையும் பார்வையையும் முதலாண்டிலேயே பரிசோதிக்க வேண்டும். காது கேளாத குழந்தை பேசத் தாமதிக்கும். அதனை அறிவுக்குறை என்று எண்ணிவிடுவர்.

• தடுப்பூசிகளை மற்றக் குழந்தைகளைப் போலவே தவறாமல் போட வேண்டும்.

• இயன்முறை, பேச்சு, செயல்முறைப் பயிற்சிகளை முதல் மாதங்களிலேயே தொடங்குங்கள். மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையங்களில் இவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

இத்தகைய கவனிப்பு பரவலாகக் கிடைக்கும் நாடுகளில் டவுன் சிண்ட்ரோம் உள்ளோரின் சராசரி ஆயுள் இன்று 60 ஆண்டுகளை எட்டியுள்ளது. பள்ளி செல்வோர், பணிபுரிவோர் எனப் பலரை நாம் காண்கிறோம்.

குடும்பத்தின் மூத்தோருக்கு ஒரு வேண்டுகோள். இக்கட்டுரையைப் படித்தபின், அந்தத் தாயிடம் காரணம் கேட்பதை நிறுத்துங்கள். பயிற்சிக்கு அழைத்துச் செல்ல ஒரு நாள் உடன் செல்லுங்கள். எக்கோ பரிசோதனைக்கு நாள் குறித்துத் தாருங்கள். குழந்தையின் நலன் இனி இவற்றைப் பொறுத்தே அமையும்.