எந்த ஆண்டைச் சொல்கிறோம்?

அர்ச்சனைத் தட்டைக் கொடுத்து, பெயரும் நட்சத்திரமும் சொல்லிட்டு நாம கைகூப்பி நிற்போம். குருக்கள் சங்கல்பத்தில் ஆண்டின் பெயரையும் சேர்த்துச் சொல்வார். 2025 சித்திரையில் தொடங்கியது விசுவாவசு, 2026 சித்திரையில் பராபவ. பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலானாலும் கிள்ளானில் ஒரு சின்னக் கோயிலானாலும் அதே பெயர்தான். நம்மில் எத்தனை பேர் அதைக் காதில் வாங்குகிறோம்?

'ஆண்டு' ஒரே சொல்தான். ஆனா பல வேலை செய்யுது. நம்ம தமிழ்ப்பள்ளியில் 'ஆண்டு 3' என்றால் அது வகுப்பு. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது விளங்காது! அந்தப் பள்ளி ஆண்டுகூட 2022இல் மார்ச்சுக்கு நகர்ந்து, 2026இல் மறுபடியும் ஜனவரிக்கு வந்தது. சோழர் கல்வெட்டில் 'யாண்டு' என்றால் அரசன் பட்டத்துக்கு வந்து எத்தனையாவது ஆண்டு என்று பொருள். இராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கலசம் கொடுத்தது 25ஆம் ஆண்டின் 275ஆம் நாள். அவன் பட்டத்துக்கு வந்தது 985 என்று தெரிந்தால்தான் அது 1010 என்று நாம் சொல்ல முடியும். பொறியியலிலும் இதே கதைதான்: எங்கிருந்து அளந்தாய் என்று சொல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை.

அறுபது ஆண்டுப் பெயர்களில் உள்ள சிக்கலும் இதுதான். 1965இலும் விசுவாவசு வந்தது. அப்போது பிறந்தவர்களுக்கு அதே பெயர் திரும்பி வரும்போது அறுபதாம் கல்யாணம், அழகான ஏற்பாடு. ஆனால் கோயில் கல்லில் வெறும் 'விசுவாவசு' என்று வெட்டி வைத்தால் அது 1905ஆ, 1965ஆ? கோயில் வரலாறு எழுதும் இளைஞர்கள் பெயரோடு எண்ணையும் எழுதுங்கள். திருவள்ளுவர் ஆண்டு வேண்டுமா, ஆங்கில ஆண்டோடு 31 கூட்டுங்கள்.

இனி சண்டைக்கு வருவோம். புத்தாண்டு தையா, சித்திரையா? தமிழ்நாட்டில் 2008இல் தை என்று சட்டம் போட்டார்கள், 2011இல் அதை நீக்கினார்கள். இங்கேயும் ஜனவரியிலும் ஏப்ரலிலும் நம்ம வாட்சப் குழுக்கள் சூடாகிவிடும். இரு பக்கமும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. தை 1 சூரியன் மகரத்தில் நுழையும் நாள், சித்திரை 1 மேஷத்தில் நுழையும் நாள். இரண்டுமே நட்சத்திரங்களை வைத்துக் கணித்தவை, இரண்டும் ஒரே பஞ்சாங்கத்திலிருந்து வந்தவை.

பஞ்சாங்க ஆண்டு 365 நாள், 6 மணி, சுமார் 12 நிமிடம். பருவகால ஆண்டு அதைவிடக் கிட்டத்தட்ட 24 நிமிடம் குறைவு. இதில் 20 நிமிடம் பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் வருவது. மிச்சம் பழைய கணக்கின் சிறு விலகல். அறுபது வருஷத்துக்கு ஒரு நாள் என்று தள்ளித் தள்ளித்தான், இரவும் பகலும் சமமாகும் மார்ச் 20ஐ விட்டுச் சித்திரை 1 ஏப்ரல் 14க்கு வந்திருக்கிறது. தையும் அதே அளவு தள்ளியிருக்கிறது. ஆகவே 'சித்திரை கணக்கு தப்பு, தை சரி' என்ற வாதம் எனக்கு எடுபடவில்லை. வேறு காரணம் இருந்தால் அதைச் சொல்லி வாதாடுங்கள்.

அடுத்த வகுப்புக்குள் நீங்கள் பிறந்த ஆண்டின் பெயரைக் கண்டுபிடித்து வாங்க. 1987 சித்திரையில் பிரபவ தொடங்கியது, அங்கிருந்து எண்ணுங்கள். சித்திரைக்கு முன் பிறந்தவர்கள் ஒன்று குறைக்கணும்: 2004 ஜனவரியில் பிறந்தவருக்குச் சுபானு, மே மாதம் பிறந்தவருக்குத் தாரண.