பூமிக்கு உயிர் உண்டா?



இராஜகிரிக் கோட்டையின் படிகளில் ஏறும்போது மூச்சு வாங்கி, அருகிலுள்ள பாறையில் சாய்ந்து நிற்காதவர் நம்மில் யார்? அந்தப் பாறையும் மூச்சு விடுகிறதா என்று எப்போதாவது எண்ணியதுண்டா? "கல்லுக்கு ஏது உயிர்?" என்று சிரிக்காதீர்கள். அறிஞர்கள் அரை நூற்றாண்டாக வாதிட்டுவரும் கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

உண்ணுதல், சுவாசித்தல், வளர்தல், இனம் பெருக்குதல் ஆகியவை உயிரின் அடையாளங்கள் என்று பாடத்தில் படிக்கிறோம். தொல்காப்பியர் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தார். புல்லும் மரமும் ஓரறிவு உயிர்கள். கல்லுக்கு அவ்வரிசையில் இடமில்லை.

ஆனால் ஜேம்ஸ் லவ்லாக் என்ற ஆங்கிலேய அறிஞர் வேறு விதமாக எண்ணினார். 1960களில், செவ்வாயில் உயிர் உண்டா என்று அறியும் முயற்சியில் அவர் அமெரிக்காவின் நாசாவுக்கு உதவினார். செவ்வாயின் காற்றில் சுமார் 95 விழுக்காடு கரியமில வாயு. நம் காற்றிலோ 21 விழுக்காடு ஆக்சிஜன்! பச்சைத் தாவரங்களும் கடலின் நுண்பாசிகளும் ஓயாமல் வெளியிடுவதால்தான் அது நிலைத்திருக்கிறது. எனவே உயிரினங்கள், காற்று, கடல், பாறை யாவும் சேர்ந்து ஓர் உடலைப் போலத் தம்மைச் சீராக வைத்துக்கொள்கின்றன என்று அவரும் லின் மார்குலிஸ் அம்மையாரும் 1970களில் கூறினர். கிரேக்கரின் நிலமகள் பெயரால் இது 'கையா' கோட்பாடு எனப்பட்டது.

இதை விளக்க நம் மலையே போதும். செஞ்சிப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அவற்றின்மேல் சாம்பலும் பச்சையுமாகப் படர்ந்திருக்கும் திட்டுகள் லைக்கன்கள். நம் வீட்டு மசாலாவில் சேரும் கல்பாசியும் இந்த இனமே. பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் இவை, தாம் சுரக்கும் அமிலத்தால் பாறையை மெல்ல அரிக்கின்றன. கரியமில வாயு கலந்த மழைநீரும் அரிக்கிறது. கரைந்த உப்புகள் சங்கராபரணி ஆற்றின் வழியே புதுவைக்கு அருகில் கடலை அடைகின்றன. கடலுயிர்கள் அத்தகைய உப்புகளால் ஓடு கட்டுகின்றன. அவை மடிந்தபின் ஓடுகள் சுண்ணாம்புப் பாறையாகின்றன. இவ்வாறு காற்றிலிருந்த கரி கடலடியில் அடைபடுகிறது. பூமி சூடேறினால் இந்த அரிப்பு விரைவாகி வாயு குறையும். குளிர்ந்தால் அரிப்பும் தளரும். நம் உடல் வியர்த்துக் குளிர்வதைப் போன்றதே இது!

மறுப்பவர்களும் உண்டு. பூமி குட்டி போடுவதில்லை, முட்டை இடுவதில்லை. பிறகு எப்படி அது உயிராகும் என்று 1980களில் உயிரியலார் சிலர் கேட்டனர். மேலும், சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆக்சிஜன் பெருகியபோது, அதுவரை வாழ்ந்த பல நுண்ணுயிர்களுக்கு அது நஞ்சாயிற்று. பூமி தன் பிள்ளைகள் எல்லோரையும் காத்துவிடவில்லை.

ஆகவே, பசுவைப் போலப் பூமியும் ஓர் உயிர் என்று சொல்ல இயலாது. வெறும் சடம் என்றும் தள்ள இயலாது. உயிரும் கல்லும் ஒன்றையொன்று உருவாக்கும் வீடு அது. "பூமி தன்னைத் தானே சரிசெய்து கொள்ளும்" என்று நாம் வாளாவிருக்கலாமா? பாறை அரிந்து காற்றைச் சீராக்கப் பல இலட்சம் ஆண்டுகள் வேண்டும். நாமோ 270 ஆண்டுகளுக்குள், காற்றில் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயுவை 420க்கு மேல் உயர்த்திவிட்டோம். மலை காத்திருக்கும்; நம்மால் முடியாது.

தோழியரே, அடுத்த முறை கோட்டைக்குச் செல்லும்போது பாறையில் பெயரைக் கிறுக்காதீர்கள். சுரண்டப்படும் அந்தச் சாம்பல் திட்டு மீண்டும் படரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவும் நமக்காக உழைக்கும் ஓர் உயிர் அல்லவா?