காக்கி உடுத்தப்போகும் மருமகளுக்கு

வரதராஜன்பேட்டை

அன்பு மருமகளுக்கு,

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் நீ தேறிவிட்டாய் என்று அக்கா சொன்னதும் அலங்கார அன்னை கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன். நீ பயிற்சிக்குக் கிளம்புமுன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

"உரிமை, உரிமைன்னு பேசிக்கிட்டிருந்தா குற்றத்தைத் தடுக்க முடியுமா?" என்று உன்னிடம் கேட்பார்கள். அதை அற்பமான கேள்வி என்று தள்ளிவிடாதே. 1987 மார்ச்சில் நம் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் குண்டு வைத்து மலைக்கோட்டை ரயிலைக் கவிழ்த்தார்கள். ஒரு பாவமும் அறியாத பயணிகள் செத்தார்கள். அப்படிப்பட்ட நாளில் சனங்கள் தேடுவது காக்கிச் சட்டையைத்தான்.

சாத்தான்குளத்தில் நடந்ததையும் மறந்துவிடாதே. கொரோனா ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தது என்று 2020 ஜூன் 19 அன்று வியாபாரி ஜெயராஜைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்பாவைத் தேடிப்போன பென்னிக்ஸையும் பிடித்துவைத்தார்கள். அங்கே பட்ட அடியால் 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார், மறுநாள் காலை தந்தை இறந்தார். உயிரைக் காப்பாற்றப் போட்ட ஊரடங்கின் பெயரால் இரண்டு உயிர்கள் போயின.

அடித்தால் உண்மை வரும் என்று யார் சொன்னாலும் நம்பாதே. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்துக்குச் சாட்சியமாக நீதிமன்றம் ஏற்பதில்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இதுதான் சட்டம். அடி வழக்கைக் கெடுப்பதோடு ஊரின் வாயையும் அடைத்துவிடும். உன்னைக் கண்டு பயப்படுகிற தெரு உனக்குத் துப்புச் சொல்லாது. துப்பில்லாமல் குண்டு வைப்பவனை எப்படிப் பிடிப்பாய்?

கைதானவரிடம் காரணத்தைச் சொல், வக்கீலைப் பார்க்க விடு, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்து என்கிறது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. வீட்டாருக்குத் தகவல் சொல், கைதுக் குறிப்பு எழுது, மருத்துவரிடம் காட்டு என்றது 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம். இவற்றை உன் கையைக் கட்டும் கயிறாக நினைக்காதே. நீ பிடித்த ஆள் உண்மையான குற்றவாளிதான் என்று ஊர் நம்புவதற்கு இவைதான் ஆதாரம்.

சாத்தான்குளம் நிலையத்தில் அந்த அப்பாவையும் மகனையும் அடித்த இரவில் பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னார். கூட வேலை பார்க்கிறவர்களுக்கு எதிராகச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அவரும் நீ உடுத்தப்போகும் காக்கியைத்தான் உடுத்தியிருந்தார். அப்படியோர் இரவு உனக்கும் வந்தால், அடிக்கிற கையைத் தடு. தடுக்க முடியாமல் போனால் உண்மையைச் சொல்.

உன் மாமா