ஒரு தடவை நடந்தால் போதுமா?

நண்பர்களே, எஸ்.ஓ.எம். லேபில் படித்த பாடம் இங்கிலாந்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்குக் கைகொடுத்தது என்றால் நம்புவீர்களா?

அங்கே நீண்டகால உடல்நலக் குறை உள்ளவர்களுக்கு 2013 முதல் 'பிப்' என்ற உதவித்தொகை உண்டு. நடமாட்டப் பகுதியில் 8 புள்ளிக்குச் சாதாரணத் தொகை, 12 புள்ளிக்கு உயர்ந்த தொகை. 20 மீட்டருக்கு மேல் நடக்க முடியாவிட்டால் 12. துணையில்லாமல் 20-க்கு மேல் 50 மீட்டர் வரை நடந்தால் 8.

சித்தப்பாவின் 12, மறு ஆய்வில் 8 ஆனது. "40 மீட்டர் நடக்கிறார்" என்று அறிக்கை.

போனில் கேட்டேன். "நடந்தேன்டா. அப்புறம் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே முடியல" என்றார்.

எனக்கு ஃபெட்டிக் டெஸ்ட் ஞாபகம் வந்தது. ஒரு தடவை தாங்கும் பளு வேறு, திரும்பத் திரும்பத் தாங்கும் பளு வேறு. அந்த விதியும் அதையேதான் சொல்கிறது: பாதுகாப்பாக, சரியாக, திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிந்தால்தான் 'முடியும்' என்று கணக்கு.

வழிமுறை இதுதான்:

1. முடிவுத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும்.

2. அங்கே கைவிரித்தால், அந்தப் பதில் அனுப்பப்பட்ட தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயம். கட்டணம் கிடையாது.

3. பாதிக்கு மேற்பட்ட நாட்களின் நிலைமைதான் கணக்கு. ஆகவே தினமும் டயரி எழுத வேண்டும்.

ஜாக்கிரதை! இருக்கும் புள்ளியும் குறைய வாய்ப்புண்டு.

மறுபரிசீலனையில் மறுத்துவிட்டார்கள். சித்தப்பா விடவில்லை. டயரியோடு தீர்ப்பாயம் போனார். 12 திரும்பக் கிடைத்தது.

நாளைக்கு நாமும் ரிப்போர்ட் எழுதப் போகிறவர்கள்தானே? எவ்வளவு என்பதோடு, எத்தனை தடவை என்பதையும் எழுதுவோம்.